இன்டர்நெட்டை பூட்டுனா ரீலோட்டை நிப்பாட்டுறது எப்பிடி: மலையகத்துல புறக்கணிப்பு செய்ய முழு வழிகாட்டி

வாட்ஸ்அப்பை அரசாங்கம் பூட்டுன ஒடனே "இந்த ஃபோன் கம்பனிக்கு இனி ரீலோட் போடாதீங்க, சிம்முக்கு காசு ஏத்தாதீங்க"ன்னு ஒரு போஸ்ட் வரும். எல்லாரும் ஷேர் பண்ணுவாங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே ஆளுங்க தோட்டத்து கடையில நின்னு அதே கம்பனிக்கு ரீலோட் போட்டுக்கிட்டு இருப்பாங்க, ஏன்னா அம்மா சவுதியில, தம்பி கொழும்புல, பேசாம இருக்க ஏலாது. ஆளுங்க மேல பிழை இல்ல, வேலையோட வரிசைதான் பிழை. கடைசியா செய்யவேண்டியத மொதல்ல செஞ்சிடுறாங்க, மொதல்ல செய்யவேண்டியத செய்யாமலே விட்டுடுறாங்க.

ஹட்டன், தலவாக்கலை பக்கம் இளைஞர் கழகங்களோட சேந்து இந்த வேலைய செஞ்சதுலயும், புதுசா எறங்குறவங்க எங்க தடுக்கி விழுறாங்கன்னு பாத்ததுலயும் தெரிஞ்சத எழுதுறேன். போஸ்ட் போடுறது எட்டாவது படியிலதான் வருது, அதுக்கு முந்தி ஏழு வேலை இருக்கு.

தொடங்க முந்தி கையில இருக்கவேண்டியது: நம்பிக்கையான அஞ்சாறு பேர், அதுல கொழுந்து எடுக்கிற ஒரு அக்காவும் சிங்களம் நல்லா எழுத தெரிஞ்ச ஒருத்தரும் கட்டாயம். ஒரு கொப்பி. டவுன்ல தபால் ஒழுங்கா வந்து சேருற ஒரு விலாசம். இது ஏன்னு மூணாவதுல சொல்றேன்.

1. யாரு மேல கோவம், யாருகிட்ட கேக்குறோம்

இது ரெண்டும் ஒண்ணு இல்ல. பூட்ட சொல்றது அரசாங்கம், பூட்டுறது கம்பனி. 2022 ஏப்ரல் 3ம் தேதி ஊரடங்கு நேரத்துல பாதுகாப்பு அமைச்சு கேட்டுச்சு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கம்பனிகளுக்கு சொல்லுச்சு, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் சுமார் 15 மணித்தியாலம் வேல செய்யல. அரசாங்கத்த நம்ம காசு நேரா தொடாது, கம்பனிய தொடும். அதனாலதான் கம்பனி வழியா போறோம்.

புதுசா வாரவங்க செய்யிற பெரிய பிழை "அரசாங்கம் சொன்னாலும் பூட்டாதே"ன்னு கம்பனிகிட்ட கேக்குறது. அது லைசன்ஸ்ல ஓடுற கம்பனி. "நாங்க சட்டத்துக்கு கட்டுப்பட்டவங்க"ன்னு ஒரே வரியில பதில் சொல்லிட்டு போயிடும், நம்ம ஆளுங்களும் அதுவும் நியாயம்தானேன்னு கலைஞ்சிடுவாங்க.

கம்பனி தானே முடிவெடுத்து செய்யக்கூடிய ஒண்ணத்தான் கேக்கணும். 2011ல அமெரிக்காவுல சோபான்னு ஒரு இணையக் கட்டுப்பாட்டு மசோதா வந்தப்போ வெப்சைட் பேர் விக்கிற கோடேடி கம்பனி அதுக்கு ஆதரவா நின்னுச்சு. டிசம்பர்ல வாடிக்கையாளருங்க தங்களோட வெப்சைட் பேர்கள வேற கம்பனிக்கு மாத்த போறோம்னு கெளம்புனதும் சில நாள்லயே ஆதரவ வாபஸ் வாங்கிடுச்சு. ஆதரவ வாபஸ் வாங்குறது கம்பனியோட கையில இருந்துச்சு, மாறிப்போறதுக்கு ஆளுங்களுக்கு வேற எடமும் இருந்துச்சு. இந்த ரெண்டும் இல்லாத எடத்துல புறக்கணிப்பு நிக்காது.

2. கோரிக்கைய ஒரு தாள்ல எழுதுறது

ரெண்டு கோரிக்கை போதும். எட்டு பத்து எழுதுனா ஒண்ணும் ஞாபகம் நிக்காது, கம்பனியும் அதுல லேசானத எடுத்து செஞ்சிட்டு முடிச்சிட்டோம்னு சொல்லிடும். நான் சொல்ற ரெண்டு இது:

ஒண்ணு, பூட்டுன நாளுக்கு பேக்கேஜ் நாள கூட்டி குடுக்கணும். நம்ம ஆளுங்க வாங்குறது பெரும்பாலும் சோஷல் மீடியா பேக்கேஜ், வாட்ஸ்அப்புக்கும் ஃபேஸ்புக்குக்கும் மட்டும் ஓடுற டேட்டா. அத பூட்டிட்டா காசு குடுத்து வாங்குன சாமான் கையில இருந்தும் ஒண்ணுக்கும் ஆகாது, நாள் மட்டும் ஓடி முடிஞ்சிடும். லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்கிற பாட்டிக்கும் வெளங்குற கோரிக்கை இது. கருத்துச் சுதந்திரம்னு தொடங்குனா தலையாட்டிட்டு போயிடுவாங்க, "நீங்க காசு குடுத்த டேட்டாவ தராம விட்டாங்க"ன்னு சொன்னா நின்னு கேப்பாங்க.

ரெண்டு, பூட்டுற நேரத்துல யாரு உத்தரவு போட்டாங்க, என்ன சட்டத்துல, எத்தன நாளைக்குன்னு மூணு மொழியிலயும் எஸ்எம்எஸ் அனுப்பணும். ரிங்கிங் டோன் விக்கிறதுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப ஏலும்னா இதுக்கும் ஏலும். இதுதான் அரசாங்கத்த உறுத்துற கோரிக்கை, ஏன்னா உத்தரவ எழுத்துல, பேரோட போடவேண்டி வரும், பிறகு அத வச்சு கோர்ட்டுக்கு போக வழி இருக்கும். அடிப்படை உரிமை மனு போடுறதுன்னா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாசத்துக்குள்ள போகணும், உத்தரவு எதுன்னே தெரியாம அந்த மாசம் ஓடிப்போறதுதான் வழக்கமா நடக்குது.

பெரியவங்க ஒரு கேள்வி கேப்பாங்க, தயாரா இருங்க. "2018ல கண்டி பக்கம் திகனையில முஸ்லிம்களுக்கு எதிரா கலவரம் நடந்தப்போ பூட்டுனது நல்லதுதானே?"ன்னு. நியாயமான கேள்வி, மழுப்பாதீங்க. அந்த மார்ச் 7ம் தேதி பூட்டுனப்போ ஃபேஸ்புக்ல வெறுப்பு பேச்சு நெசமாவே ஓடிச்சு, பக்கத்துல கடைகளும் பள்ளிவாசல்களும் எரிஞ்சுச்சு. நம்ம கோரிக்கை "எப்பவும் பூட்டவே கூடாது" இல்ல. பூட்டுனா காரணம், கால எல்லை, பொறுப்பான ஆள் மூணையும் எழுத்துல சொல்லுங்கன்னு கேக்குறோம். இத வெளங்கப்படுத்துனா கண்டி பக்கத்து முஸ்லிம் ஆளுங்களும் நம்மளோட நிப்பாங்க. வெளங்கப்படுத்தாம போனா அவங்க பயப்படுறது சரிதான்.

3. ஆதாரம் சேக்கிறது

ஒரு ஆப் வேல செய்யலன்னா பூட்டிட்டாங்கன்னு ஒடனே எழுதாதீங்க. டவர்ல கரண்ட் போயிருக்கலாம், நம்ம மலையில மழைக்கு அடிக்கடி போகும். ஒரே நேரத்துல ரெண்டு மூணு கம்பனி சிம்ல பாருங்க, வைஃபைல பாருங்க, விபிஎன் (வேற நாட்டு வழியா இணையத்துக்கு போற ஆப்) போட்டும் பாருங்க. விபிஎன்ல தொறந்து சாதாரணமா தொறக்கலன்னா பூட்டு இருக்குன்னு சந்தேகப்பட காரணம் இருக்கு. தேதி, நேரம், எடம், கம்பனி எல்லாத்தையும் கொப்பியில எழுதி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

இவ்வளவு கவனம் ஏன்னா 2024ம் ஆண்டு 9ம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கு. பொய்யான கூற்று பரப்பி பொது ஒழுங்குக்கு ஆபத்து உண்டாக்குனதா தீர்ப்பானா அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். நம்ம நோட்டீஸ்ல ஒரு பிழையான வரி இருந்தாலும் பேச்சு முழுக்க அந்த வரிய பத்தித்தான் இருக்கும்.

அடுத்தது 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு தமிழ்லயே எழுதலாம், 14 வேலை நாளுக்குள்ள தகவல் தருவோமா மாட்டோமான்னு முடிவு சொல்லணும். உத்தரவுல என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டா தேசிய பாதுகாப்புன்னு மறுக்க வழி இருக்கு, அதனால எத்தன உத்தரவு, என்ன தேதி, எந்த சட்டத்து எந்த பிரிவுன்னு மட்டும் கேளுங்க. அரசாங்கம் 25 வீதமோ கூடவோ பங்கு வச்சிருக்கிற கம்பனியும் இந்த சட்டத்துக்குள்ள வருது. ஸ்ரீலங்கா டெலிகொம்ல திறைசேரிக்கு 49.5 வீதம் இருக்கு, அதனால அங்கயும் நேரா எழுதலாம். இத நெறய பேருக்கு தெரியாது.

இப்ப அந்த விலாச கத. தோட்டத்து விலாசம் போட்டா பதில் கடிதம் தோட்ட ஆபிஸுக்கு போகும், லயத்துக்கு லயம் தனி விலாசம் இல்லாததால அங்க ஒரு பெட்டியில கெடந்து யாரோ ஒருத்தர் பாத்து குடுத்தாதான் உண்டு. மறுத்து எழுதியிருந்தா மேன்முறையீடு செய்யவும் 14 நாள்தான், கடிதம் கைக்கு வாரப்போ அது முடிஞ்சிருக்கும். டவுன்ல ஒரு கடை, ஒரு சொந்தக்காரர் வீடு, எதாவது ஒண்ணு போடுங்க. பதிவுத் தபால்ல அனுப்பி ரிசீட்டை கொப்பியில ஒட்டுங்க.

4. சிக்னல் பாக்குறது

புறக்கணிப்பு வெல்றதும் தோக்குறதும் இங்கதான், ஆனா இத செய்யிறவங்கள நான் கண்டதே கொறவு.

கொழும்புல ஒரு கம்பனிய விட்டா இன்னொண்ணு இருக்கு. நம்ம பக்கம் அப்பிடி இல்ல. மேக்கணக்குல (தோட்டத்து மேல் டிவிஷன்ல) ஒரு கம்பனி மட்டும் எடுக்கும், கீக்கணக்குல (கீழ் டிவிஷன்ல) ரெண்டு எடுக்கும், ஆத்தோரத்து லயத்துல ஒண்ணுமே எடுக்காது, கோயில் மேட்டுக்கு ஏறித்தான் பேசணும். ஒரே தோட்டத்துல இவ்வளவு வித்தியாசம். அதனால ஒவ்வொரு டிவிஷனுக்கும் கொப்பியில ஒரு பக்கம் ஒதுக்குங்க: எந்த லயத்துல எந்த சிம் எடுக்குது, இஸ்தோப்புல (திண்ணையில) மட்டுமா காம்பராவுக்குள்ளயுமா (அறைக்குள்ளயுமா), ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் பேசுறப்போவும் டேட்டா ஓடுதா. பகல்ல மட்டும் பாத்துட்டு "இந்த சிம் நல்லா எடுக்குது"ன்னு சொல்லி மாத்த வச்சா ராத்திரி புள்ளைக்கு சூம் கிளாஸ் நிக்கும், அந்த வீடு அதோட நம்மள விட்டு போயிடும்.

ரெண்டு கம்பனி எடுக்கிற லயங்கள்ல முழுசா மாறுங்கன்னு கேக்கலாம். 2021 ஆட்சி கவிழ்ப்புக்கு பிறகு மியன்மார்ல ராணுவத்துக்கு பங்கு இருந்த மைடெல் சிம்மை மக்கள் கைவிட முடிஞ்சது வேற கம்பனிங்களும் அங்க இருந்ததாலதான்.

ஒரு கம்பனி மட்டும் எடுக்கிற லயத்துல சிம்மை மாத்த சொல்றது அநியாயம், செய்யவும் ஏலாது. அங்க அந்த கம்பனியோட மேலதிக சாமான்கள நிப்பாட்ட சொல்லுங்க: ரிங்கிங் டோன், எஸ்எம்எஸ்ல வார செய்தி, கேம், கடன் ரீலோட், பெரிய டேட்டா பேக்கேஜ். பேசுறதுக்கு தேவையான சின்ன ரீலோட் மட்டும் போடட்டும். கம்பனிக்கு செலவு கொறஞ்சு லாபம் கூடுன எடம் இந்த மேலதிகம்தான், அதோட நெறய பேர் தங்களுக்கே தெரியாம மாசா மாசம் இதுக்கு காசு குடுத்துக்கிட்டு இருக்காங்க. வீடு வீடா போயி ஃபோனை வாங்கி பாத்து வெட்டி விடுங்க. அன்னைக்கே அவங்க கையில காசு மிஞ்சும், அப்பிடி மிஞ்சுனா மறுநாள் நீங்க சொல்றத கேப்பாங்க.

சிம் மாத்துறவங்க ரெண்டு விஷயம் பாக்கணும். பழைய சிம் யாரு அடையாள அட்டையில இருக்கு, அந்த நம்பருக்கு பேங்க் ஓடிபி வருதா. நம்ம பக்கம் மாமா பேர்ல எடுத்த சிம்மை மருமகன் பாவிக்கிறது சாதாரணம். பழைய சிம்மை ஒடச்சு வீசி வீடியோ போடாதீங்க, டேட்டா போடாம ஃபோன்லயே வச்சிருங்க. நம்பர மாத்தாம கம்பனிய மாத்த ஏலுமான்னு புது கம்பனிகிட்ட மொதல்லயே கேட்டுக்கோங்க.

5. கடைக்காரரோட பேசுறது

ரீலோட் போடுற கடைக்காரர் கம்பனி இல்ல, நம்ம ஆள். ஒரு ரீலோட்டுக்கு அவருக்கு கெடைக்கிறது சின்ன கமிஷன், ஆனா ரீலோட் போட வாரவங்கதான் சீனியும் மாவும் வாங்கிட்டு போறாங்க. அவர்கிட்ட சொல்லாம தொடங்குனா மொத நாளே எதிரா பேசுவார், அவர் கடையிலதான் முழு தோட்டமும் நிக்கும்.

கூட்டத்துக்கு கூப்பிடாதீங்க, கடை பூட்டுற நேரம் போயி தனியா பேசுங்க. மூணு விஷயம் கேளுங்க. கடன் கொப்பியில ரீலோட் கடன் எவ்வளவு இருக்கு, வேற கம்பனி ரீலோட்டும் அவரால போட ஏலுமா, கெழமைக்கு எவ்வளவு ரீலோட் போகுதுன்னு நமக்கு சொல்ல விருப்பமா. ஆளுங்க பேர் வேண்டாம், மொத்தம் மட்டும். இந்த மொத்தம் இல்லாம புறக்கணிப்பு வேல செஞ்சிச்சான்னு சொல்லவே ஏலாது, லைக் கணக்கை வச்சு ஏமாந்து போவீங்க.

6. யாருக்கு விலக்கு

இத எழுதாம விட்டா மனசாட்சி உள்ள ஆளுங்க சேரவே மாட்டாங்க. வெளிநாட்டுல இருக்கிற அம்மா அப்பாவோட பேசுற புள்ளைங்க, பரீட்சைக்கு படிக்கிறவங்க, வயித்துப்புள்ளக்காரங்க, நோயாளி இருக்கிற வீடு: இவங்க எதையும் நிப்பாட்ட தேவையில்ல, சேர விருப்பம்னா தாள்ல கையெழுத்து மட்டும் போடட்டும்.

ஃபோனை நிறுத்தி வைங்கன்னு யாருகிட்டயும் கேக்கவே கூடாது. மண்சரிவு எச்சரிக்கை வார ஊர் இது, 1990க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடவும் 117க்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்த கூப்பிடவும் ஃபோன் உயிரோட இருக்கணும். மழைக்காலத்துல கடும் எச்சரிக்கை விட்டா புறக்கணிப்ப அன்னைக்கே நிப்பாட்டி வைங்க, வெயில் வந்த பிறகு தொடரலாம்.

7. தேதி பாக்குறது

ஒரு நாள் புறக்கணிப்பு வேண்டாம். ஞாயித்துக்கிழமை போடாதவர் சனிக்கிழமையே போட்டு வச்சிருப்பார், இல்லன்னா திங்கக்கிழமை போடுவார், கம்பனியோட மாச கணக்குல ஒண்ணும் கொறையாது. பேக்கேஜ் ஓடுற காலத்த விட நீளமா இருக்கணும். கெழமை பேக்கேஜ் வாங்குற ஊர்னா கொறஞ்சது மூணு கெழமை.

தொடங்குற நாள் சம்பள நாள். தோட்டத்துல 10ம் தேதி சம்பளம் வரும், கடன் கொப்பிய அடைப்பாங்க, பெரிய ரீலோட்டும் அன்னைக்குத்தான். மாச கடைசியில தொடங்குனா எப்பிடியும் கையில காசு இல்லாம போடாத ஆளுங்கள புறக்கணிக்கிறாங்கன்னு எண்ணிக்கிட்டு இருப்போம், 10ம் தேதி வந்ததும் எல்லாம் ஒரே நாள்ல சரிஞ்சிடும். தீபாவளி, பொங்கல் மாசத்தையும் விட்டுடுங்க, அந்த நாள்ல கொழும்புல இருக்கிற புள்ளைங்களுக்கு பேசாதீங்கன்னு சொல்றதுல ஒரு ஞாயமும் இல்ல.

8. அறிவிக்கிறது

மொதல்ல கம்பனிக்கு கடிதம், பதிவுத் தபால்ல. 14 நாள் தவணை குடுங்க. "எங்களுக்கு யாரும் சொல்லலயே"ன்னு அவங்க சொல்ல ஏலாம போறதுக்கும், அந்த 14 நாள்ல அவங்களே எதாவது செஞ்சா நம்ம வேல லேசா முடியுறதுக்கும்தான் இது. கடிதம் இப்பிடி இருந்தா போதும்:

"உங்கள் நிறுவனத்தின் முன்கட்டண சேவையை நாங்கள் பாவிக்கிறோம். சமூக ஊடகங்கள் தடை செய்யப்படும் நாட்களுக்கு பேக்கேஜ் காலத்தை நீடிக்க வேண்டும் எனவும், தடை உத்தரவின் விபரத்தை மும்மொழியிலும் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும் எனவும் கோருகிறோம். அடுத்த மாதம் 9ம் திகதிக்குள் எழுத்துமூல பதில் கிடைக்காவிட்டால் 10ம் திகதி முதல் மூன்று வாரத்துக்கு உங்கள் மேலதிக சேவைகளை வாங்க மாட்டோம்."

திட்டு வேண்டாம், மெரட்டல் வேண்டாம். கையெழுத்து போடுறவங்க பேரும் டிவிஷனும் போதும், அடையாள அட்டை நம்பர் போடாதீங்க.

தவணை முடிஞ்ச பிறகுதான் போஸ்ட். தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒரே நாள்ல வரணும். சிங்களத்துல இல்லன்னா டவுன்ல இருக்கிறவங்களுக்கு தமிழ் ஆளுங்க எதையோ எதிர்க்கிறாங்கன்னு மட்டும்தான் போயி சேரும், அவங்க வாட்ஸ்அப்பும்தானே அன்னைக்கு பூட்டுப்பட்டுச்சு.

ஒரு விஷயத்துல கொஞ்சமும் விட்டுக்குடுக்காதீங்க. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்கு பிறகு "முஸ்லிம் கடையில வாங்காதீங்க"ன்னு இந்த நாட்டுல சொல்லித்திரிஞ்சாங்க, அதுவும் புறக்கணிப்புன்னு பேர்லதான் நடந்துச்சு. நம்ம நோட்டீஸ்ல எந்த கடையோட பேரும், எந்த கடைக்காரரோட இனமும் மதமும் வரக்கூடாது. கமெண்ட்ல யாராவது அப்பிடி எழுதுனா ஒடனே அழிச்சிட்டு ஏன் அழிச்சோம்னும் எழுதுங்க. கடை வாசல்ல நின்னு ரீலோட் போட வாரவங்கள தடுக்கிறதும் கூடாது. வாங்காம இருக்கிறது நம்ம உரிமை, அடுத்தவங்கள மெரட்டுனா அது குற்றம், அத வச்சே முழு வேலையையும் நிப்பாட்டிடுவாங்க.

9. நடக்கிற நாள்கள்ல

மொத கெழமை உசாரா போகும், ரெண்டாவது கெழமைதான் கஷ்டம். கடைக்காரர் தந்த மொத்தத்த கெழமைக்கு ஒருக்கா கோயில் போர்டுல ஒட்டுங்க, கூடியிருந்தாலும் கொறஞ்சிருந்தாலும் உள்ளபடி. கொறச்சு எழுதுனா கடைக்காரருக்கு உண்மை தெரியும், அடுத்த கெழமை அவர் கணக்கு தர மாட்டார்.

வேல நடந்துக்கிட்டு இருக்கிறப்போவே வாட்ஸ்அப்பை பூட்டுனா என்ன செய்யிறதுன்னு மொதல்லயே பேசி வைங்க. குரூப்பை மட்டும் நம்பி இருக்கிற கூட்டம் அன்னைக்கே செதறும். லயத்துக்கு ஒரு ஆள், அவருக்கு எஸ்எம்எஸ் இல்லன்னா நேர்ல, அவர் காலையில வேலைக்கு பேர் குடுக்கிற பெரட்டு களத்துல நாலு பேருக்கு சொன்னா ஒம்பது மணிக்குள்ள முழு மலைக்கும் போயிடும்.

வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் எடுக்கிறதும் ஒரு வேலைதான். ஒவ்வொருத்தரும் சேவைய வெட்டுறப்போ காரணத்த சொல்லணும், "இந்த எஸ்எம்எஸ் கோரிக்கைக்கு பதில் வரலன்னு வெட்டுறேன்"னு. காரணம் சொல்லாம வெட்டுனா கம்பனி கணக்குல அது விலை கூடுனதால போன ஆள்னு பதிவாகும், அடுத்த நாள் ஒரு தள்ளுபடி எஸ்எம்எஸ் வரும், அவ்வளவுதான். மொரோக்கோவுல 2016 ஜனவரியில மூணு கம்பனியும் வாட்ஸ்அப், ஸ்கைப் கோல்கள பூட்டுனப்போ ஆளுங்க கம்பனிகளோட ஃபேஸ்புக் பக்கத்துக்கு போட்டிருந்த லைக்க கூட்டமா எடுத்தாங்க, ஏன் எடுக்கிறோம்னு எல்லாருக்கும் தெரியிற மாதிரி. அந்த நவம்பர்லதான் திரும்ப தொறந்தாங்க. அவ்வளவு காலம் எடுக்கும்னு தெரிஞ்சே எறங்குங்க.

10. முடிக்கிறது

சொன்ன மூணு கெழமை முடிஞ்சா முடிச்சிடணும், கம்பனி பதில் தராட்டியும். "இன்னும் ஒரு கெழமை"ன்னு இழுத்தா ஒவ்வொரு வீடா கழண்டு போகும், பிறகு எப்ப முடிஞ்சுச்சுன்னே தெரியாது, அடுத்த தடவ கூப்பிட்டா வரமாட்டாங்க. முடிக்கிற நாள் என்ன கெடைச்சிச்சு, என்ன கெடைக்கலன்னு ஒரு பக்கம் எழுதி ஒட்டுங்க.

ஒரு கோரிக்கைக்கு மட்டும் ஒத்துக்கிட்டா, பேக்கேஜ் நாள கூட்டி தாரோம்னு சொன்னா, எழுத்துல வாங்குங்க. ஃபோன்ல சொன்னது, கிளையில இருக்கிற மேனேஜர் வாயால சொன்னது கணக்கில்ல. எழுத்துல வந்த பிறகு அந்த கடிதத்த ஃபோட்டோ எடுத்து மத்த கம்பனிங்களுக்கும் அனுப்பி நீங்களும் இத செய்வீங்களான்னு கேளுங்க, இந்த ரெண்டாவது கடிதத்துக்குத்தான் பதில் சீக்கிரம் வரும்.

அதோட வேற சிம்முக்கு மாறுன வீடுகளுக்கு ஒரு நடை போயி சிக்னல் சரியா, ஓடிபி வருதா, வெளிநாட்டு கோல் எடுக்குதான்னு பாத்துட்டு வாங்க. கடைக்காரருக்கும் புது கம்பனி ரீலோட் கமிஷன் ஒழுங்கா விழுதான்னு கேளுங்க, விழலன்னா அவரோட போயி ஏஜென்ட்கிட்ட பேசி தீத்து குடுங்க. கொப்பிய பத்திரமா வைங்க, டிவிஷன் சிக்னல் பக்கங்கள ஆறு மாசத்துக்கு ஒருக்கா திரும்ப பாத்து திருத்துங்க, டவர் மாறிக்கிட்டே இருக்கும்.